ஏரிக்கு யார் கையெழுத்து?

‘புறம்போக்கு’ என்னும் சொல் நம் காலத்தில் வசைச்சொல்லாகத் தாழ்ந்துவிட்டது. ஆயின் வருவாய்த்துறைப் பதிவேட்டில் அதற்கு இழிபொருள் ஏதுமில்லை. தீர்வைக்குப் புறம்பாக, ஊர்ப் பொதுவுக்கென விடப்பட்ட நிலமே புறம்போக்கு. ஏரி, குளம், மேய்ச்சல் நிலம், இடுகாடு, வண்டிப்பாதை யாவும் அதனுள் அடங்கும்.

இச்சொல்லை மீண்டும் என் எண்ணத்தில் எழுப்பியவர், பரந்தூரை அடுத்த சிற்றூரிலிருந்து பேருந்தில் வரும் இளங்கலை மாணவர் ஒருவர். அன்று உத்தரமேரூர்க் கல்வெட்டுப் பாடம். முதற் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆம் ஆண்டுகளில் வெட்டப்பெற்ற அவற்றில், குடவோலையால் தெரிவுசெய்யப்பெற்ற வாரியங்களுள் ஏரி வாரியமும் ஒன்று எனக் கூறிக்கொண்டிருந்தேன். அவர் எழுந்து, “ஐயா, எங்கள் பட்டா நிலத்துக்கு அப்பாவின் கையெழுத்தைக் கேட்கிறார்கள். ஏரிக்கு யார் கையெழுத்தைக் கேட்பார்கள்?” என்றார். வகுப்பு அமைதியாயிற்று.

செய்தி யாவரும் அறிந்ததே. சென்னையின் இரண்டாம் வானூர்தி நிலையத்துக்குரிய இடமாகப் பரந்தூர் 2022 ஆகஸ்டில் அறிவிக்கப்பெற்றது. ஏறத்தாழ 5,746 ஏக்கரில் 3,774 ஏக்கர் பட்டா. எஞ்சிய 1,972 ஏக்கர் அரசு நிலம். நீர்நிலைகள் பல அதற்குள் உள்ளன. பாலாற்று நீரைத் திருப்பெரும்புதூர் ஏரிக்குக் கொண்டுசெல்லும் கம்பன் கால்வாயும் அவ்வழியே செல்கிறது. பட்டாதாரருக்கு இழப்பீடு உண்டு. ஏரிக்கரையில் ஆடு மேய்ப்பவரும், ஏரி நிறைந்தால்தான் கிணறு ஊறும் என்றிருக்கும் அயலூர் உழவரும் எந்தப் பட்டியலில் இடம்பெறுவர்?

வானூர்தி வேண்டாமெனச் சொல்ல எனக்கு வாயில்லை. ஹஜ் பயணிகளை வழியனுப்ப மீனம்பாக்கத்து நெரிசலில் பலமுறை நின்றவன் யான். என் தம்பி வளைகுடாவில் உழைத்து அனுப்பிய பணமே எங்கள் வீட்டுக்குக் கூரையாயிற்று. காஞ்சியின் தேநீர்க்கடைகளிலும் இரு கட்சி உண்டு. தறியில் கூலி போதாமல் தொழிற்சாலைப் பேருந்துக்குக் காத்திருக்கும் இளைஞர், வேலை வரட்டும் என்பர். பட்டின் மெருகே பாலாற்று நீரால் வந்தது எனச் சொல்லும் முதியோர், எதிரே அமர்ந்து தலையசைப்பதில்லை.

ஏகனாபுரம் கிராம சபை எதிர்ப்புத் தீர்மானத்தைப் பலமுறை நிறைவேற்றியது. 2024 மக்களவைத் தேர்தலை அவ்வூரார் புறக்கணித்தனர். 2025 இல் நில உரிமையாளர் சிலர் பதிவு செய்து கொடுக்கவும் செய்தனர். அவர்களைக் குறைகூற மனம் வரவில்லை. கடனும் மகள் திருமணமும் எந்தப் போராட்டத்துக்காகவும் காத்திருப்பதில்லை. ஆனால் அவர்கள் கொடுத்தது தம்முடையதை. பொது நீரைக் கொடுக்கும் உரிமை அப்பத்திரங்களில் இல்லை.

நீர்நிலைகளை ஆராய அரசு வல்லுநர் குழு அமைத்தது நன்று. அத்தகைய குழுக்கள் கண்டவை யாவும் எளிய தமிழில், கால்வாய் எங்கே திரும்பும், எந்த ஏரி வறளும் என்பது உட்பட, ஒவ்வொரு கிராம சபையிலும் வாய்விட்டுப் படிக்கப்பெற வேண்டும் என்பேன். உத்தரமேரூரார் தம் விதிகளை ஓலையில் எழுதிப் பேழைக்குள் வைத்துப் பூட்டவில்லை; ஊரார் கூடும் இடத்துச் சுவரிலன்றோ வெட்டிவைத்தனர்!