கண்ணுக்குத் தெரியாத இழை

என் அன்னையின் கூறைச் சேலையின் கரையிலே வரிசையாக மாங்காய்கள் உண்டு. அம் மாங்காய்க்கு மேலைத்தேயத்தார் ஸ்கொத்லாந்து நகரமொன்றின் பெயரைச் சூட்டி 'பெயிஸ்லி' என்றழைக்கின்றனர் எனக் கிளாஸ்கோவில் வாழும் என் சித்தி கூறியபோது, எனக்குச் சற்றுச் சினமே மூண்டது. கடந்த ஆண்டு விடுமுறையிலே அவரிடம் சென்றிருந்த நான், ஒரு நாள் புகையிரதமேறிப் பத்துப் பன்னிரண்டு நிமிடங்களில் அந்நகரை அடைந்தேன். வழக்காடச் செல்பவரின் மனநிலையிலேயே சென்றேன் எனலாம்.

ஊரின் நடுவே ஓடும் வைட் கார்ட் ஆறு, மகாவலியைக் கண்டவர்க்கு ஓர் ஓடையே. அதன் கரையில், 1163இல் நிறுவப்பெற்ற துறவிமடத்தின் தேவாலயம் நிற்கின்றது. சற்று மேலே, பாறைகளில் நீர் விழுந்து நுரைக்குமிடத்தில் அங்கர் நூலாலை. இன்று அது மாடிக் குடியிருப்பு. வீதிகளின் பெயர்களோ இன்னும் பட்டு, பருத்தி, நெசவு நாடா என்பனவே.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காஷ்மீரச் சால்வையைப் பார்த்து இவ்வூரார் நெய்யத் தொடங்கினர். காஷ்மீரத்துக் கைவினைஞன் மறைக்கப்பட்டான். பெயிஸ்லியின் பெயர் நிலைத்தது. இதுவே என் வழக்கு. ஆனால், யார்மீது தொடுப்பது?

பல நிற ஊடிழைகளைப் பிணைத்து நிறுத்த, இடையிடையே மெல்லிய இழையொன்றைப் பாய்ச்ச வேண்டும். 'ஸ்மா ஷொட்' என்பது அதன் பெயர். சால்வையின் முகத்தில் அது தெரியாது. அது இன்றேல் சால்வையே குலைந்துவிடும். தெரியாத இழைக்குப் பணம் எதற்கு என்றனர் உற்பத்தியாளர். நெசவாளரோ தம் கைப்பணத்தில் அந்நூலை வாங்கி நெய்தனர். நெய்யாது விட்டால் துணியுமில்லை, கூலியுமில்லை. இத்தனைக்கும் 1840களின் தொடக்கத்தில் தொழில் நொடிந்து ஆயிரக்கணக்கானோர் நிவாரணத்தில் உயிர்வாழ்ந்த ஊர் அது. நீண்ட பிணக்கின்பின், 1856இலேதான் உற்பத்தியாளர் இணங்கினர். யூலை மாதத்து முதற் சனிக்கிழமை, இன்றும் அவ்வெற்றியின் நாள். பதினைந்து இருபது ஆண்டுகளில் சால்வை அணியும் நாகரிகமே மாறிப்போயிற்று என்பது வேறு கதை.

ஊர் திரும்பிய மறுநாள், அம்மாவின் சேலையை எடுத்து மாங்காய்களின் பின்புறத்தைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்ன பிள்ளை தேடுறாய்?"

"இதை ஆர் நெய்தது அம்மா?"

"ஆருக்குத் தெரியும்? காஞ்சிபுரம் எண்டுதான் கடைக்காரன் சொன்னவன்" என்றார் அம்மா.