இரண்டு கோமல்

"சார், உங்க லிஸ்ட்டுல கோமல் ரெண்டு இருக்கே?" என்று சென்னையிலிருந்து ஒரு பெண் போனில் கேட்டாள்.

"ஒண்ணுதாம்மா" என்றேன்.

குத்தாலம் வட்டாரத்து விவசாயிகளின் பெயர், ஊர், புல எண் அடங்கிய பட்டியலைப் பல வருஷமாக என் கம்ப்யூட்டரில் வைத்துப் பராமரித்து வந்தேன். அந்த மாதம்தான் அதைச் சர்வருக்கு ஏற்றியிருந்தார்கள்.

'கோ'வை யூனிகோடில் இரண்டு விதமாக வைக்கலாம். 'ோ' முழுவதும் ஒரே குறியாக வரலாம்; இரட்டைக்கொம்பும் காலும் தனித்தனிக் குறிகளாகவும் வரலாம். திரையில் எந்த வித்தியாசமும் தெரியாது. நேருக்கு நேர் ஒப்பிடும் கணினிக்கோ இரண்டும் வேறு வேறு ஊர். பட்டியலைச் சரிபார்க்க நான் எழுதி வைத்திருந்த மேக்ரோவின் முதல் வரியே இரண்டையும் ஒன்றாக்குவதுதான். மேக்ரோ அப்படியே சர்வருக்குள் போகாது. விதிகளை அங்கே புதிதாக எழுத வேண்டும். எழுதியவர்கள் சரிபார்க்கும் வரிகளையெல்லாம் எடுத்துக்கொண்டார்கள். முதல் வரி ஏதோ முன்வேலை என்று நின்றுவிட்டது. கோமலோடு கோனேரிராஜபுரமும் இரண்டாயிற்று.

புல எண்ணுக்கும் அதே கதி. 12/3 என்ற உட்பிரிவு வழியில் மார்ச் 12 ஆகிவிட்டது. அந்தப் பத்தியை 'எழுத்து' என்று நான் குறித்து வைத்திருந்ததை யாரும் விதியாக நினைக்கவில்லை. நானும் நினைத்ததில்லை. பட்டியல் ஒரு நிமிஷத்தில் போய்விடுகிறது. அதில் எது சரி, எது பிழை என்ற அறிவு பழைய மேசையிலேயே தங்கிவிடுகிறது.

எனக்கு மனசு ஆறாதது ஊர்ப்பெயர்தான். காற்றைக் காத்து என்றும் குற்றத்தைக் குத்தம் என்றும் சொல்கிறோம். அந்தக் கணக்கில் குத்தாலத்தைக் குற்றாலத்தின் பேச்சு வடிவம் என்று எடுத்து, சர்வர் பக்கத்து விதி திருத்திவிட்டது. காவிரிக்கரையில் திருத்துருத்தி என்று பெயர் வாங்கிய ஊர், உத்தால மரத்தைத் தலமரமாகக் கொண்ட ஊர், அருவிக்கரைக்குப் போய்விட்டது! என் விதி பின்கோடையும் சேர்த்துப் பார்க்கும்: 609 என்று தொடங்கினால் நம் ஊர், 627 என்றால் தென்காசிப் பக்கம்.

மாவட்டத்தை வைத்துப் பிரித்தால் போதாதா என்று அவள் கேட்டாள். குற்றாலம் 2019 நவம்பரில் திருநெல்வேலியிலிருந்து தென்காசி மாவட்டத்துக்குப் போனது. குத்தாலம் 2020 டிசம்பரில் நாகப்பட்டினத்திலிருந்து மயிலாடுதுறைக்கு வந்தது. பழைய ரசீதில் நாகப்பட்டினம் என்றிருப்பது பிழை இல்லை, அந்தத் தேதிக்கு அதுதான் சரி. ஆகவே ஒவ்வொரு விதிக்கும் 'எந்தத் தேதி முதல்' என்று ஒரு பத்தி சேர்த்தோம். பக்கத்தில் 'ஏன்' என்று இன்னொன்று. அதற்கு மட்டும் இரண்டு மாலை பிடித்தது. நான் போனில் சொல்லச் சொல்ல அவள் தமிழிலேயே அடித்தாள்.

குத்தாலத்துக்கு நேரே வந்ததும், "துருத்தின்னா என்ன சார்?" என்றாள்.

"ஆத்துக்கு நடுவுல இருக்கிற திட்டும்மா."

அதையும் அடிக்கும் சத்தம் கேட்டது.