பரங்கியும் பாமியும்

பட்டு நெய்வோர் நிறைந்த காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் ஒரு நாள் காலை உலாவினோம். தெருவிலே பாவு விரித்திருந்தது, வீடுதோறும் தறியோசை. கூடை சுமந்து வந்த மூதாட்டி, "பரங்கிக்காய் வேணுமா, தாயே?" என்று கூவினாள். அச்சொல் எம் சிந்தனையைக் கிளறியது.

'பிராங்க்' என்னும் ஐரோப்பிய இனப்பெயர் அராபியர், பாரசீகர் நாவில் திரிந்து, நம்மிடம் 'பரங்கி' ஆயிற்று. முதலில் போர்ச்சுகீசியரையும், பின்னர் ஆங்கிலேயரையும் அது சுட்டிற்று. பரங்கிமலை, பரங்கிப்பேட்டை என ஊர்ப்பெயர்களிலும் ஏறிற்று. அமெரிக்காவில் தோன்றி, ஐரோப்பியர் வாயிலாக வந்த காய்க்கும் அதுவே பெயராயிற்று.

ஆஸ்திரேலியாவிலோ கதை தலைகீழ். அங்கே குடியேறிய ஆங்கிலேயரைப் 'பாமி' என்பர். மாதுளம்பழத்தின் ஆங்கிலப் பெயரைக் கேலியாகக் குறுக்கியதே அது என்பது அறிஞர் பலர் கருத்து. அங்கே கனியின் பெயர் மனிதனுக்கு. இங்கே மனிதனின் பெயர் காய்க்கு!

வேறொரு வேற்றுமையும் உண்டு. ஆஸ்திரேலியன் முகத்துக்கு நேரே நகைத்தான். நாமோ எதிரே 'துரை' என்று கைகட்டி நின்று, முதுகுக்குப் பின்னே 'பரங்கி' என்றோம். அடிமைக்கு நாக்கு இரண்டு அல்லவா?

1947-இல் துரைத்தனம் அகன்றது. இன்று பரங்கிக்காய்க் கூட்டு உண்ணும் குழந்தைக்கு அச்சொல்லில் அச்சமுமில்லை, பகையுமில்லை. சுதந்திரத்தின் சுவை அதுவே.