குதிக்கிற டப்பாவும் நான் தட்டின ஸ்விட்ச்சும்

ரொம்ப நாளா ஆளையே காணோமேன்னு ரெண்டு பேர் கேட்டிருந்தாங்க. (அதுல ஒருத்தர் நம்ம தங்கமணி. "கம்ப்யூட்டர் முன்னாடி உக்காராம வீட்டு வேலையெல்லாம் செய்யறீங்க, உடம்புக்கு ஏதாச்சுமா?") உடம்புக்கு ஒண்ணுமில்லை மக்களே. மகள் என்னோட பேசலை. அவ்வளவுதான்.

மகள் ஒன்பதாவது படிக்கிறாள். பள்ளியில் அறிவியல் கண்காட்சி. ஆளாளுக்கு எரிமலையும் மழைநீர் சேகரிப்பும் செய்துகொண்டிருக்க, அவள் எங்கேயோ படித்துவிட்டு வந்து, "அப்பா, நான் குதிக்கிற ரோபோ செய்யப்போறேன். சின்னச் சின்ன கிரகத்துல சக்கரம் வேலைக்கு ஆகாது, தெரியுமா?" என்றாள். தெரியாது. ஆனால் தெரிந்த மாதிரி தலையாட்டினேன். பிறகு ராத்திரி எல்லாரும் தூங்கினதும் உட்கார்ந்து படித்தேன். அப்பாக்களின் பிழைப்பு இப்படித்தான் ஓடுகிறது :-)

விஷயம் சுலபமானதுதான். சக்கரம் உருளணும்னா தரையைப் பிடிக்கணும். பிடிப்பு எதனால் வருகிறது? வண்டியின் எடையால். அரை கிலோமீட்டர் நீளமே உள்ள ஒரு விண்கல்லில் ஈர்ப்பு இருக்கிறதா இல்லையா என்றே சந்தேகம் வரும். அங்கே சக்கரத்தைச் சுற்றினால் சும்மா வழுக்கும். கொஞ்சம் வேகமாகச் சுற்றி ஒரு கல்லில் இடித்தால், வண்டி அப்படியே கிளம்பி வானத்துக்குப் போய்விடும். சரி, எப்படியும் எகிறத்தான் போகிறது, எகிறுவதையே நடையாக வைத்துக்கொண்டால் என்ன என்று யோசித்திருக்கிறார்கள்.

அதற்குக் காலும் வேண்டாம், ஸ்பிரிங்கும் வேண்டாம். மிக்ஸியை ஆன் செய்யும்போது ஒரு உதறு உதறுமே, கவனித்திருக்கிறீர்களா? உள்ளே மோட்டார் ஒரு பக்கம் சுற்ற, உடம்பு எதிர்ப்பக்கம் திருகப் பார்க்கும். நம்ம சமையல் மேடையில் அதன் கனமும் ரப்பர் காலும் பிடித்து வைத்துக்கொள்கின்றன. விண்கல்லில் பிடித்து வைக்க எதுவும் இல்லை. மூடின டப்பாவுக்குள் ஒரு மோட்டார் சுற்றினாலே போதும், டப்பா துள்ளிவிடும். வெளியே ஒரு உறுப்பும் கிடையாது, தூசி புகுந்து கெடுக்கவும் வழியில்லை. இதை யோசித்த புண்ணியவானுக்கு ஒரு கும்பிடு.

பூமியில் இந்த விசை பத்தாது. அதனால நாங்க கொஞ்சம் தில்லாலங்கடி செய்தோம். மோட்டார் அச்சில் ஒரு பெரிய நட்டைக் கோணலாக ஒட்டி, ஐஸ்கிரீம் டப்பாவுக்குள் வைத்து மூடினோம். வைப்ரேஷனில் போட்ட செல்போன் மேசையில் ஊர்ந்துபோகிற அதே சமாச்சாரம்தான், கொஞ்சம் முரட்டுத்தனமாக. தாம்பாளம் நிறைய மணலும் ஜல்லியும் கொட்டி, முதலில் பொம்மைக் கார் சிக்கிக்கொள்வதைக் காட்டுவது, அப்புறம் டப்பாவைக் குதிக்க விடுவது. இதுதான் திட்டம். வீட்டில் பத்துத் தடவை ஒத்திகை பார்த்தோம். பத்துத் தடவையும் குதித்தது.

கண்காட்சி அன்றைக்கு நடுவர்கள் ரெண்டு பேர் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரமே வந்துவிட்டார்கள். மகள் குனிந்து தாம்பாளத்தில் ஜல்லியைச் சரிசெய்துகொண்டிருக்கிறாள். டப்பா வெறும் மேசை மேல் இருக்கிறது. "இது ஓடுமா?" என்று ஒருவர் கேட்டார். அவள் நிமிர்ந்து பதில் சொல்வதற்குள் பின்னால் நின்ற இந்தப் புத்திசாலி, "ஓடும் சார்!" என்று கையை நீட்டி ஸ்விட்ச்சைத் தட்டிவிட்டான்.

ஓடியது. வழவழ மேசையில் சர்ரென்று ஓடி, விளிம்பைத் தாண்டி, தரையில் விழுந்து, மூடி ஒரு பக்கம் மோட்டார் ஒரு பக்கமாகத் தெறித்தது. நடுவர் ஏதோ எழுதிக்கொண்டு அடுத்த எரிமலைக்குப் போய்விட்டார். தரையில் கிடந்த மோட்டார் மட்டும் விடாமல் 'கிர்ர்ர்' என்று சுற்றிக்கொண்டே இருந்தது. அவள்தான் குனிந்து அதை நிறுத்தினாள். என்னைத் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. வண்டியில் வீடு வரும்வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை.

மூணு நாள் கழித்து, சமாதானம் பேசலாம் என்று மினர்வா கதையை எடுத்துக்கொண்டு போனேன்.

ஜப்பானின் ஹயபுசா விண்கலம் 2003ல் கிளம்பி, இட்டோகாவா என்ற விண்கல்லுக்குப் போனது. வயிற்றில் மினர்வா என்று ஒரு குதிக்கும் ரோபோ. 591 கிராம், அவ்வளவுதான். 2005 நவம்பர் 12ந்தேதி அதை இறக்கிவிட பூமியிலிருந்து கட்டளை அனுப்புகிறார்கள். இங்கே பட்டனை அழுத்தினால் அங்கே போய்ச் சேர ஏறக்குறைய 16 நிமிடம். அந்த இடைவெளியில் ஹயபுசா, 'ரொம்பக் கிட்டே வந்துட்டோமோ' என்று தானாகவே மேலே ஏற ஆரம்பித்துவிட்டது. சரியாக அந்த நேரத்தில் கட்டளை வந்து சேர்ந்தது. ஏறிக்கொண்டிருந்த கலத்திலிருந்து மினர்வா கழன்றது. இட்டோகாவாவின் ஈர்ப்பை மீறிப் போக நொடிக்கு 20 சென்டிமீட்டர் வேகமே போதும். அதற்கு அதைப் பிடித்து இழுக்கத் தெம்பில்லை. மினர்வா தரையைத் தொடாமலே விண்வெளியில் மிதந்து போய்விட்டது.

ரோபோவில் ஒரு குறையும் இல்லை. 18 மணி நேரம் சிக்னல் அனுப்பிக்கொண்டே இருந்தது. ஹயபுசாவின் சூரியத் தகட்டை ஒரு படம்கூட எடுத்து அனுப்பியது. குதிப்பதற்கென்றே பிறந்தது, ஒருமுறைகூடக் குதிக்கவில்லை.

இதற்கு முன்னாலும் இப்படித்தான். ரஷ்யர்கள் செவ்வாயின் நிலாவான ஃபோபோஸுக்கு ஒரு குதிக்கும் ரோபோவை அனுப்பினார்கள். 1989 மார்ச்சில், அதை இறக்குவதற்கு முன்பே தாய்க்கலத்தோடு தொடர்பு அறுந்துபோனது.

மகள் எல்லாவற்றையும் கேட்டாள். பிறகு கேட்டாள் பாருங்கள் ஒரு கேள்வி.

"அந்த ஜப்பான்காரங்க எதுவும் தெரியாம 16 நிமிஷம் தள்ளி இருந்தாங்க. நீங்க பக்கத்துலயேதானேப்பா நின்னீங்க?"

ஙே.

"சரி, அப்புறம் அவங்க என்ன பண்ணாங்க?" என்றாள் அவளே, என் மூஞ்சியைப் பார்த்துப் பாவப்பட்டு.

அந்தப் பகுதி எனக்கு ரொம்பப் பிடிக்கும். மினர்வாவை உருவாக்கினவர்களில் ஒருவரான டெட்சுவோ யோஷிமிட்சு விடவில்லை. அடுத்த கலமான ஹயபுசா2ல் மறுபடியும் குதிக்கும் ரோபோக்களை ஏற்றினார்கள். 2018 செப்டம்பர் 21, ரியுகு என்ற விண்கல். ஆளுக்கு 1.1 கிலோவில் ரெண்டு ரோபோ, ரெண்டும் இறங்கின, ரெண்டும் குதித்தன. ஒரு துள்ளலுக்கு 15 நிமிடம்வரை அந்தரத்தில் மிதந்து இறங்கும்! அந்த உயரத்தில் இருந்துகொண்டே படமும் எடுத்தன. ரியுகு முழுக்கப் பாறை. தாய்க்கலமே இறங்க இடம் தேடித் தவித்து, அடுத்த பிப்ரவரியில்தான் தரையைத் தொட்டது. இந்தக் குட்டிகளுக்கு அந்தக் கவலையே இல்லை, எந்தப் பக்கம் விழுந்தாலும் மறுபடி துள்ளத் தெரியும்.

"2005லருந்து 2018... பதிமூணு வருஷமாப்பா?"

"ஆமா கண்ணு."

கொஞ்ச நேரம் யோசித்தாள். நான் சூட்டோடு சூடாக நிலா கதையையும் சொன்னேன். 2024 ஜனவரியில் ஜப்பானின் ஸ்லிம் கலம் நிலவில் இறங்கினபோது, குதிக்கிற ரோபோ ஒன்று, உருள்கிற உருண்டை ஒன்று, ரெண்டையும் வெளியே விட்டது. உருண்டை 8 சென்டிமீட்டர், 250 கிராம். டக்கரா டோமி என்ற பொம்மைக் கம்பெனியும் சேர்ந்து செய்தது. தரையில் விழுந்ததும் ரெண்டாகப் பிரிந்து, அந்தப் பாதிகளையே சக்கரமாக்கி உருளும். அது எடுத்த படத்தில் ஸ்லிம் தலைகுப்புறக் கிடக்கிறது! குதிக்கிற ரோபோ அந்தப் படத்தை நேராகப் பூமிக்கு அனுப்பியது.

"பெரிசு கவுந்துடுச்சு, சின்னதுங்க ஃபோட்டோ எடுத்துச்சு" என்று சிரித்தாள். மூணு நாளைக்கு அப்புறம் முதல் சிரிப்பு. பெரிசு என்று என்னைத்தான் சொன்னாளோ என்று தோன்றியது, கேட்டுக்கொள்ளவில்லை.

நேற்று சாயங்காலம் வேலை முடிந்து வந்தபோது கூடத்தில் மறுபடி கிர்ர்ர் சத்தம். புது டப்பா, உள்ளே பழைய மோட்டார். இந்தத் தடவை சுற்றிலும் பஞ்சு ஒட்டி, விழுந்தாலும் உடையாதபடி செய்திருக்கிறாள். அடுத்த வருஷக் கண்காட்சிக்காம். பக்கத்தில் போய்ப் பார்த்தேன். ஸ்விட்ச் மேல் செலோடேப் ஒட்டி, அதன் மேல் மார்க்கரில் எழுதியிருந்தது:

'அப்பா தொடக்கூடாது.'