கொம்பும் காலும்

என் தங்கை மகன் உத்தியோக நிமித்தமாகச் சென்னைக்கு வந்து என் வீட்டு மாடி அறையில் குடியேறியபோது, அவனோடு இரண்டு பெட்டிகள் வந்தன. ஒன்றில் துணிமணி. மற்றொன்றைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறின ஆட்டோக்காரர் பாதி வழியில் நின்று, "என்ன சார், அம்மிக் குழவியா?" என்று கேட்டார். அம்மிக் குழவி இல்லை. நான்கு பழைய லாப்டாப்புகள், ஒரு கட்டு ஸ்க்ரூ டிரைவர்கள், எதற்கென்று தெரியாத வயர்கள் ஒரு மூட்டை, சீட்டுக்கட்டு அகலத்தில் ஒரு பச்சை அட்டை. அந்தப் பச்சை அட்டையும் ஒரு முழுக் கம்ப்யூட்டர்தான் என்று பிறகு தெரிந்துகொண்டேன். ராஸ்ப்பெரி பை என்று பெயராம். 2012-ல் இங்கிலாந்தில், முக்கியமாகப் பள்ளிப் பிள்ளைகளை மனத்தில் வைத்து, 35 டாலர் விலையில் வெளியிட்டார்கள். பையன் அதில் பழைய சினிமாப் பாட்டுக்களை ஏற்றி என் மேஜை ஓரத்தில் வைத்துவிட்டான். அந்த லஞ்சத்துக்குப் பிறகு நான் மற்றச் சாமான்களைப் பற்றி வாய் திறக்கவில்லை.

சனிக்கிழமை வந்தால் அவன் ரிச்சி தெருவுக்குப் போய்விடுவான். மவுண்ட் ரோட்டை ஒட்டிய அந்தச் சந்துகளில் அவனுக்கு என்ன கிடைக்கிறது என்று பார்க்க ஒரு நாள் நானும் போனேன். மூர்மார்க்கெட்டில் பழைய புத்தகம் தேடி அலைந்தவன் நான். ஆகையால் அவன் முகத்தில் இருந்த களை எனக்குப் புரிந்தது. கம்பெனிகள் கழித்துக் கட்டிய லாப்டாப் ஒன்றைப் பேரம் பேசி வாங்கி வருவான். வயிற்றைத் திறப்பான். விசிறியில் பத்து வருஷத்துத் தூசி கம்பளி மாதிரி படிந்திருக்கும். அதை எடுத்துவிட்டு, சிப்பின்மேல் காய்ந்து போன பசையைச் சுரண்டிப் புதுப் பசை தடவுவான். சுழலும் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, அசையாத எஸ்.எஸ்.டி. ஒன்றைப் பொருத்துவான். ஸ்க்ரூக்களைப் போட்டு வைக்க என் காப்பி டம்ளர்தான் அவனுக்கு அகப்படும். ஒரு நாள் டபராவில் ஆற்றும்போது 'ணங்' என்றது.

பிறகு அந்த யந்திரத்துக்கு உயிர் கொடுக்க டெபியன் என்ற ஒன்றைப் போடுவான். 1993-ல் அயன் மர்டாக் என்ற அமெரிக்க இளைஞர் தொடங்கியது. தம் காதலி டெப்ராவின் பெயரில் பாதியையும் தம் பெயரையும் ஒட்டி அப்படிப் பெயர் வைத்தாராம். நாவல் எழுதுகிறவனுக்கு இது போதாதா? அன்றிலிருந்து கொஞ்சம் காது கொடுத்துக் கேட்க ஆரம்பித்தேன்.

கேட்டால் பையன் சுலபத்தில் விடமாட்டான். இந்த விஷயத்தில் அவன் வைதிகன். "லினக்ஸ்" என்று சொன்னால், "குனூ-லினக்ஸ், மாமா" என்று திருத்துவான். ஹெல்ஸிங்கியில் படித்துக்கொண்டிருந்த 21 வயது லினஸ் டோர்வால்ட்ஸ், 1991 ஆகஸ்டில், பொழுதுபோக்குக்காக ஏதோ செய்கிறேன் என்று அடக்கமாக அறிவித்தது வெறும் கருப்பகுதிதானாம். அதைச் சுற்றியிருந்த பல கருவிகளை அதற்கு முன்பே ரிச்சர்ட் ஸ்டால்மனின் கூட்டத்தார் எழுதி வைத்திருந்தார்களாம். இவ்வளவு சுத்தமான மதத்தில் வாரம் ஒரு முறை லாப்டாப்பில் சப்தம் வராமல் போகிறதே, அது ஏன் என்று கேட்டால் மட்டும் பதில் மழுப்பலாக வரும்.

ஸ்டால்மனின் கதை எனக்குப் பிடித்திருந்தது. எம்.ஐ.டி. ஆராய்ச்சிக் கூடத்தில் இருந்த பழைய பிரிண்டரில் காகிதம் சிக்கிக்கொண்டால், காத்திருப்பவர்கள் எல்லாருக்கும் உடனே செய்தி போகும்படி அவர் அதன் மென்பொருளைத் திருத்தி வைத்திருந்தார். 1980-ஐ ஒட்டி ஜெராக்ஸ் கம்பெனி ஒரு புது லேசர் பிரிண்டரைக் கொடுத்தது. அதுவும் சிக்கும்; ஆனால் திருத்துவதற்கு அதன் மூல நிரல் இல்லை. வேறொரு சர்வகலாசாலையில் அந்த நிரலை வைத்திருந்தவரிடம் போய்க் கேட்டார். "யாருக்கும் தருவதில்லை என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்" என்று அவர் மறுத்துவிட்டார். அந்தக் கோபம் ஆறாமல் இருந்து, வேறு காரணங்களும் சேர்ந்து, 1983 செப்டம்பரில் குனூ திட்டமாக வெளிவந்தது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், திறந்து பார்க்கலாம், மாற்றலாம், மற்றவர்களுக்குக் கொடுக்கலாம். ஆனால் மாற்றிக் கொடுக்கிறவன் இதே உரிமையை மற்றவனுக்கும் கொடுக்க வேண்டும். ஆங்கிலத்தில் இதற்கு வைத்த பெயருக்கு 'இலவசம்' என்றும் அர்த்தம் வருவதால் அவர்கள் ஓயாமல் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது. நமக்கு அந்தத் தொல்லை இல்லை. 'கட்டற்ற' என்று சொல்லிவிட்டோம்.

ராயல்ட்டியில் காலட்சேபம் நடத்துகிற எனக்கு இது முழுவதும் சம்மதம் என்று சொல்ல முடியாது. "என் நாவலை எவனாவது திருத்தி வெளியிட்டால்?" என்று கேட்டேன். "நாவல் வேறே, மாமா. ஆனால் நாவலை எழுதுகிற பேனாவுக்கு இன்னொருத்தர் பூட்டுப் போடலாமா?" என்றான்.

அவன் விளையாட்டாகத்தான் சொன்னான். எனக்கு மட்டும் சுருக்கென்றது.

1998-ல் நான் முதன்முதலாக ஒரு கம்ப்யூட்டர் வாங்கினேன். அதில் தமிழ் அடிக்க ஒரு கம்பெனியின் மென்பொருளும் வாங்கினேன். அதோடு தீப்பெட்டி அளவில் ஒரு 'லாக்' கொடுத்தார்கள். பிரிண்டர் வயரைச் செருகும் இடத்தில் அதைச் செருகினால்தான் மென்பொருள் வேலை செய்யும். என் மனைவி கல்யாணத்துக்கு முன்பே தமிழ் டைப்ரைட்டிங் 'ஹையர்' தேறினவள். என் கையெழுத்தைப் படிக்கக்கூடிய ஒரே ஜீவனும் அவள்தான். அப்போது நான் எழுதிக்கொண்டிருந்த நாவல் முழுவதையும் அவளே அடித்தாள். ஓர் அத்தியாயம் முடித்தால் கூலியாக அரை மணி நேரம் கம்ப்யூட்டரில் சீட்டு ஆடுவாள். 1999-ல் நாவல் வந்தது. 2004-ல் அவள் போய்விட்டாள். இரண்டு வருஷத்தில் கம்ப்யூட்டரும் நின்றது. புதிதாக வாங்கியதில் அந்த லாக்கைச் செருக இடமே இல்லை. கம்பெனிக்கு எழுதினேன், விலாசதாரர் இல்லை என்று கடிதம் திரும்பி வந்தது.

நாவல்தான் புத்தகமாக இருக்கிறதே, என்ன நஷ்டம் என்று கேட்கலாம். பிஸ்கட் டப்பாவில் ஏழு ஃப்ளாப்பிகள் இருந்தன. ஆறின்மேல் நாவலின் பெயர். ஏழாவதின்மேல் அவள் கையெழுத்தில் ஒரே வார்த்தை: 'சொந்தம்'.

பையனிடம் டப்பாவைக் கொடுத்தேன். லாக்கையும் கொடுத்தேன். லாக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு வைத்துவிட்டான். "இதை ஏமாற்ற வழி இருக்கு, மாமா. ஆனால் மென்பொருள் அவங்களுது. எழுத்து அத்தையோடது. எழுத்தை மட்டும் எடுத்துக்குவோம்" என்றான். எனக்கு அப்போதுதான் அவன்மேல் மரியாதை வந்தது.

ரிச்சி தெருவில் பழைய ஃப்ளாப்பி டிரைவ் ஒன்று கிடைத்தது. ஆறு தட்டுக்கள் சமர்த்தாகப் படித்தன. 'சொந்தம்' மட்டும் மாவு மிஷின் மாதிரி அரைத்தது. அதற்கும் குனூக்காரர்களின் ஒரு கருவி உண்டாம். கெட்டுப் போன இடங்களை முதலில் தாண்டிக்கொண்டு போய் நல்லதையெல்லாம் எடுத்துவிட்டு, பிறகு கெட்ட இடங்களுக்குத் திரும்பி வந்து பொறுமையாக மறுபடி மறுபடி முயன்று பார்க்குமாம். ராத்திரி முழுவதும் ஓடட்டும் என்று விட்டான்.

எனக்குத் தூக்கம் வருமா? என் அவஸ்தையைப் பார்த்து அவன் விளையாட்டுக்களைக் காட்டினான். முதலில் டூம். 1993 டிசம்பரில் வந்த ஆட்டம். நான்கு வருஷத்துக்கெல்லாம் அதன் மூல நிரலை எழுதினவர்களே வெளியிட்டுவிட்டார்கள். சப்தத்துக்கான பகுதி வேறொருவர் சொத்து என்பதால், அது கலக்காத லினக்ஸ் வடிவத்தைக் கொடுத்தார்களாம். அதிலிருந்து உலகத்தில் திரை உள்ள யந்திரத்தில் எல்லாம் அதை ஓட்டிப் பார்ப்பது இந்தப் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுதல் மாதிரி ஆகிவிட்டது. ஐந்து நிமிஷத்தில் எனக்குத் தலை சுற்றியது. அப்புறம் வெஸ்நாத் என்று ஒன்று காட்டினான். அது என் வயசுக்கு ஏற்றது. அறுகோணக் கட்டங்களில் சதுரங்கம் போல் மாறி மாறி ஆட வேண்டும். நம் வீரன் பல போர்களைக் கண்டு தேறி வருவான்; அவனுக்கு ஒரு பெயரும் இருக்கும்; செத்தால் செத்ததுதான், அடுத்த போருக்கு வரமாட்டான். விடியற்காலை மூன்று மணிக்கு ஒரு வில்லாளியைப் பறிகொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

காலையில் தட்டு முக்கால்வாசிக்கு மேல் வந்துவிட்டிருந்தது. திறந்தால் தமிழ் இல்லை. தலையில் புள்ளியும் கோடுமாக ஐரோப்பிய எழுத்துக்கள். யூனிகோடு பரவுவதற்கு முன்பு கம்பெனிக்குக் கம்பெனி எழுத்துக்களை இஷ்டப்படி எண்களில் அடுக்கி வைத்திருந்தார்கள். ஒருவர் 'க'வுக்கு வைத்த எண் இன்னொருவருக்கு 'ழூ' ஆக இருக்கும். சாவி எங்கே? என் நாவலேதான் சாவி! அச்சான புத்தகத்தை ஒரு பக்கம் வைத்துக்கொண்டு, அவள் அடித்த ஃப்ளாப்பியை இன்னொரு பக்கம் வைத்து, எந்த எண் எந்த எழுத்து என்று ஒரு பட்டியல் போட்டான். ஒரு சிக்கல் இருந்தது. டைப்ரைட்டர் பழக்கத்தில் கொம்பை முதலில் அடித்து, பிறகு 'க' அடித்து, பிறகு கால் அடித்தால் 'கொ'. யூனிகோடில் 'க' முதலில், அதன் பின்னால் 'ஒ'கரக் குறி. ஆகவே ஒவ்வொரு கொம்பையும் எழுத்துக்குப் பின்னால் நகர்த்த வேண்டும். கால் இருந்தால் 'கொ', இல்லாவிட்டால் 'கெ'. இதற்கெல்லாம் நாற்பது வரியில் ஒரு நிரல் எழுதினான்.

'சொந்தம்' திறந்தது. டைரி இல்லை, கதையும் இல்லை. என் நாவலை அடித்தபோது அவளுக்கு வந்த சந்தேகங்கள்!

"அத். 7, இன்று இவர் கொடுத்தார். நன்றாக இருக்கிறது." "அத். 12-ல் கமலத்துக்கு விரதம். 13-ல் அன்று சாயங்காலமே இட்லி சாப்பிடுகிறாள். சொன்னால் கோபம் வரும்." ஓடிப்போய்ப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். மூன்று பதிப்புக்களாகக் கமலம் இட்லி சாப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறாள். "அத். 19. பார்வதி ஒரு வார்த்தை பேசாமல் ரயில் ஏறுகிறாள். எதற்கு? நானாக இருந்தால் பேசியிருப்பேன்." அந்த மௌனத்தைப் பாராட்டி எனக்கு எத்தனை கடிதங்கள் வந்தன தெரியுமா? ஒவ்வொன்றையும் அவளிடம் படித்துக் காட்டினேன். கேட்டுக்கொண்டு கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

கடைசி வரி இது: "கடைசி அத்தியாயத்தை இவர் கெடுத்துவிட்டார்."

சற்று நேரம் இருவரும் பேசவில்லை. பிறகு நான், "கொடுத்துவிட்டார் என்று இருக்க வேண்டும். மேலே எல்லாம் கொடுத்தார், கொடுத்தார் என்றுதானே வருகிறது? கால் விட்டுப் போயிருக்கும். அவசரத்தில் அடித்திருப்பாள்" என்றேன்.

பையன் ஒன்றும் சொல்லாமல் மாடிக்குப் போனான். ஒரு மணி நேரம் கழித்து இறங்கி வந்தான். நாவல் முழுவதிலும் கொம்பு வந்து கால் வராத வார்த்தைகளையெல்லாம் பொறுக்கி எடுத்து ஒவ்வொன்றாகப் பார்த்தானாம்.

"முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம், மாமா. அத்தை ஓர் இடத்தில்கூடக் கால் விடலை."

நாலாம் பதிப்புக்குப் புரூஃப் வந்திருக்கிறது. இட்லியை எடுத்துவிட்டேன். கடைசி அத்தியாயம் மேஜைமேல் இருக்கிறது. பையனை இன்னொரு தடவை தேடிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.