எந்த வண்டி, எந்தத் தெரு

ஏழு வருஷம் கழித்து மறுபடியும் வண்டி ஓட்டப் போகிறேன். என்ன வண்டி வாங்குவது என்பதுதான் ஒரு மாசமாக எங்கள் வீட்டில் பேச்சு. சிதம்பரத்தில் எம்.ஏ. தமிழ் படித்தபோது பழைய ஸ்பிளெண்டர் ஒன்று வைத்திருந்தேன். 2011 டிசம்பர் 30ல் தானே புயல் அடித்து, பண்ருட்டிப் பக்கம் முந்திரி மரங்கள் வேரோடு சாய்ந்து கிடந்த ஊர்களுக்கெல்லாம் கணக்கெடுக்க அதில்தான் போனேன். 2018ல் அம்மாவின் வைத்தியத்துக்காக அதை விற்றோம்.

அதற்கப்புறம் பஸ்தான். 2021 மே மாதத்திலிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. பெரிய உபகாரம், மறுக்கவில்லை. ஆனால் பஸ், ஊர் டீக்கடை முன்னால் இறக்கிவிட்டுப் போய்விடும். சேரிக்கு அங்கிருந்து ஒரு மைல் நடை. வன்கொடுமை வழக்கில் சாட்சி சொல்ல இருப்பவரைப் பார்க்கப் போகிறவள் டீக்கடை பெஞ்சுக்கு முன்னால் இறங்கி நடந்தால், அன்றைக்கு ராத்திரியே சாட்சி வீட்டுக்கு ஆள் போகும். சாட்சி பிறழ்வதற்குக் காரணம் தேடுகிறவர்கள் பஸ் நிறுத்தம் எங்கே இருக்கிறது என்றும் பார்க்கலாம். எனக்கு வண்டி ஊர்சுற்ற அல்ல. அது வேலைக் கருவி.

பெரியப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. அவர் சொல்வது டி.வி.எஸ். எக்ஸ்.எல். "மூட்ட வச்சிக்கலாம், பெட்ரோல் குடிக்காது, எவன் கண்ணுலயும் படாதும்மா." கடைசியாகச் சொன்னதுதான் அவருக்கு முதல் காரணம். அவர் சைக்கிள் வாங்கிய காலத்தில் ஊர்த்தெரு முனையில் இறங்கி, செருப்பைக் கழற்றி ஹாண்டில்பாரில் மாட்டி, தெரு முடிகிறவரைக்கும் உருட்டிக்கொண்டே போய், அப்புறம்தான் ஏறி மிதிப்பாராம். சைக்கிள் சொந்தக் காசு. தெரு பஞ்சாயத்துத் தெரு. பொதுச்சாலையும் பொதுக்கிணறும் எல்லாருக்கும் உரியவை என்று இரட்டைமலை சீனிவாசன் சென்னை சட்டசபையில் கொண்டுவந்த தீர்மானம் நிறைவேறியது 1924ல். பெரியப்பா பிறப்பதற்கு முப்பது வருஷம் முன்னால்.

வாகனம் நமக்கு என்றைக்கும் வெறும் வாகனமாக இருந்ததில்லை. 1929ல் சாலிஸ்காவ் ரயிலடியில் இறங்கிய அம்பேத்கரை ஏற்றிக்கொண்டு போக எந்தக் குதிரைவண்டிக்காரரும் சம்மதிக்கவில்லை. வண்டியை மட்டும் வாடகைக்குத் தந்தார்கள். ஓட்டத் தெரியாத நம்ம ஆள் ஒருவர் ஓட்டினார். பாலத்தில் வண்டி மோதி, தூக்கியெறியப்பட்ட அம்பேத்கருக்குக் கால் எலும்பு முறிந்தது. அவரே எழுதி வைத்திருக்கிறார். அவர் அதற்குள் வெளிநாட்டில் படித்து முடித்த பாரிஸ்டர் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

அண்ணன் மகனுக்கு இருபது வயசு. அவன் கட்சி புல்லட். "அத்தை, நீ புல்லட்ல வந்து எறங்கணும். அவனுங்க பாக்கணும்." 2025 செப்டம்பர் 22லிருந்து 350 சி.சி. வரைக்கும் வரி 28லிருந்து 18 சதவீதமாகக் குறைந்துவிட்டது, புல்லட் 349 சி.சி.தான் என்று கணக்கும் காட்டினான். நான் ஐந்தடி உயரம். புல்லட் 195 கிலோ. ஐப்பசி மழையில் வாய்க்கால் கரையில் அது சாய்ந்தால் தூக்க நாலு பேரைக் கூப்பிட வேண்டும். இது ஒரு காரணம். சொல்லாத காரணம் வேறே. சாயந்தரம் ஆறு மணிக்கு மேல் வண்டி அவன் கையில்தான் இருக்கும். என் பெயரில் வாங்குவேன், அவன் ஓட்டுவான்.

2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டம் மேலப்பிடாவூரில் ஒரு கல்லூரி மாணவரின் கைகளை வெட்டினார்கள். அவர் புல்லட் ஓட்டியதுதான் காரணம் என்று குடும்பத்தார் புகார் கொடுத்தார்கள். அந்தச் செய்தியை இவனும் படித்தான். படித்த பிறகுதான் புல்லட் ஆசை அதிகமானது. எனக்கு அவன்மேல் கோபம் வரவில்லை. வயிற்றைக் கலக்கியது, அவ்வளவுதான்.

சட்டத்தில் இதற்கு இடமிருக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு 2015ல் கொண்டுவந்த திருத்தம் 2016 ஜனவரி 26லிருந்து நடைமுறையில் இருக்கிறது. பொது இடத்தில் சைக்கிள், மோட்டார் சைக்கிள் ஓட்டுவதையோ, செருப்பு, புதுத்துணி அணிவதையோ தடுப்பது குற்றம் என்று அதில் பெயர் சொல்லியே எழுதியிருக்கிறது. மோட்டார் சைக்கிள் என்ற சொல்லை எழுத வேண்டி வந்த நாடு எப்படிப்பட்ட நாடு பாருங்கள்.

பெரியப்பாவுக்கும் ஒரு பதில் சொல்ல வேண்டும். 2012 நவம்பர் 7ல் தருமபுரியில் நத்தம், அண்ணாநகர், கொண்டம்பட்டிக் குடியிருப்புகளில் வீடுகளோடு வண்டிகளையும் கொளுத்தினார்கள். பெங்களூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போய்ச் சேர்த்த காசில் வாங்கியவை. சின்ன வண்டி, பெரிய வண்டி என்று யாரும் பிரித்துப் பார்த்துக் கொளுத்தவில்லை. 2019 ஏப்ரல் 18, ஓட்டுப்போட்ட அன்றைக்கு, நம் சிதம்பரம் தொகுதிக்குள்ளேயே இருக்கிற பொன்பரப்பியில் வீடுகளை அடித்து நொறுக்கினார்கள். கண்ணில் படாத வண்டி என்று ஒன்று கிடையாது பெரியப்பா. அவர்கள் பார்ப்பது வண்டியை அல்ல, அதன்மேல் உட்கார்ந்திருப்பது யார் என்பதை.

கடலூரில் ஒரு ஷோரூமுக்குப் போனேன். "மேடத்துக்கு ஸ்கூட்டர்தான் வசதி" என்று அந்தப் பக்கமே இழுத்தார் விற்பனைப் பையன். சேறும் பள்ளமுமான கரையில் பத்து, பன்னிரண்டு அங்குலச் சக்கரம் என்ன செய்யும்? ஸ்பிளெண்டரைக் கேட்டு ஓட்டிப் பார்த்தேன். 112 கிலோ. பதினெட்டு அங்குலச் சக்கரம். இரண்டு காலும் தரையில் ஊன்றியது. பின் பிரேக்கை மிதித்தால் முன் பிரேக்கும் கொஞ்சம் சேர்ந்து பிடிக்கிறது, என் பழைய வண்டியில் இது இல்லை. கார்புரேட்டரும் போய்விட்டது. புவனகிரி மெக்கானிக் அண்ணன் ஊதி ஊதிச் சுத்தம் செய்து கொடுத்த காலம் முடிந்தது. ஆனாலும் காட்டுமன்னார்கோயில் வரைக்கும் எந்தக் கடைத்தெருவிலும் இதற்குச் சாமான் கிடைக்கும். நடு ராத்திரியில் நின்றுபோனால் நானே தள்ளிக்கொண்டு வரலாம். எனக்கு அது போதும்.

கடனுக்கு விசாரிக்க ஒரு பைனான்ஸ் ஆள் வந்தார். முகவரியில் காலனி என்று இருந்ததைப் பார்த்ததும் பேனாவை மூடிவிட்டார். "இந்த ஏரியாவுக்குப் போடறதில்லைங்க." காலனி என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சட்டசபையில் அறிவித்தது 2025 ஏப்ரலில். சொல்லை எடுத்துவிட்டால் அந்த ஆள் தெருவைப் பார்த்துக் கண்டுபிடிப்பார். சீட்டுப் பணம் தை மாசம் கைக்கு வருகிறது. ரொக்கமாகவே எடுத்துக்கொள்ளப் போகிறேன்.

ஸ்பிளெண்டர் என்று முடிவானதும் அண்ணன் மகன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். "எல்லாரும் வச்சிருக்கற வண்டிதான அத்தை அது."

"ஆமாண்டா. ஊர்த்தெருவுலயும் வீட்டுக்கு வீடு அதான் நிக்குது."

பெரியப்பா இன்னும் விடவில்லை. தெருவைச் சுற்றிக்கொண்டு வாய்க்கால் வழியாகவே வந்துவிடச் சொல்கிறார். அரை மைல்தானாம் கூடுதல். அண்ணன் மகன் அவரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "நேர் தெருவுலதான் வருவோம் தாத்தா" என்றேன் நான், அவன் கூப்பிடுகிற முறையிலேயே. "மொத நாளு நான் ஓட்டறேன். இவன் பின்னாடி உக்காரட்டும்."