துடுப்பும் மணிமுடியும்

தலைவன் யார்? தோள்வலி படைத்தவனா? வாள்வலி படைத்தவனா? வழிவழி வந்த அரியணையில் அமர்ந்தவனா? விடை காணப் பண்டைய கிரேக்கத்திலிருந்து இருவரை எடுத்துக்கொள்வோம். ஒருவர், ஏதென்ஸ் மக்கள் தேர்ந்தெடுத்த தெமிஸ்டாக்ளிஸ். மற்றவன், மாசிடோனிய மன்னன் மகன் அலெக்சாந்தர்.

கி.மு. 483-இல் ஏதென்ஸின் லாரியம் சுரங்கத்தில் வெள்ளி ஏராளமாகக் கிடைத்தது. ஆளுக்குப் பத்துத் திராக்மா பங்கிடலாம் என்பதே பேச்சு. கைக்கு வரும் காசை வேண்டாமென்று மக்களிடமே சொல்லும் துணிவு எத்தனை தலைவர்க்கு உண்டு? தெமிஸ்டாக்ளிசுக்கு இருந்தது. கப்பல் கட்டுவோம் என்றார், கட்டினர். மூன்றே ஆண்டில் பாரசீகப் பேரரசன் செர்க்சஸ் படையெடுத்தான். கிரேக்கரின் கூட்டுக் கடற்படையில் ஏறக்குறையப் பாதி ஏதென்ஸின் கப்பல்கள். ஆயினும் ஏதென்ஸின் தலைமையைப் பிற நகரங்கள் ஏற்கவில்லை. ஸ்பார்ட்டாவின் யூரிபயாடிசுக்குத் தலைமையை விட்டுக்கொடுத்து ஒற்றுமையைக் காத்தது ஏதென்ஸ். கி.மு. 480-இல் சலாமிஸ் கடலில் வெற்றி பிறந்தது.

அவ்வெற்றிக்குத் துடுப்பு வலித்தோரில் மிகப் பலர், கவசம் வாங்கவும் வழியற்ற ஏழைகள். கப்பலைச் செலுத்திய கரங்கள் பின்னர் அவையிலும் ஓங்கின; மக்களாட்சி வலுப்பெற்றது. பெண்டிருக்கும் அடிமைகளுக்கும் அங்கே வாக்கில்லை. அந்தக் கறையை நாம் மறைப்பானேன்? அதே ஏதென்ஸ், பிற்காலத்தில் ஓட்டுச் சில்லில் பெயர் பொறித்துத் தெமிஸ்டாக்ளிசையே நாடு கடத்தியது. அவர் இறுதியில் பாரசீக மன்னனிடமே அடைக்கலம் புகுந்தார். வீரரைப் போற்றினர் மக்கள், ஆனால் தெய்வமாக்கவில்லை!

அலெக்சாந்தரோ போர்த்திறத்தில் இணையற்றவன். ஆனால், கி.மு. 334-இல் கிரானிகஸ் போரில் தன் உயிர் காத்த கிளீட்டசை, ஆறாண்டு கழித்து விருந்தொன்றில் எதிர்த்துப் பேசினான் என்பதற்காக ஈட்டியால் குத்திக் கொன்றான். அடுத்த ஆண்டே, தன்முன் மண்டியிட்டு வணங்கும் வழக்கைப் புகுத்த முனைந்தான். கி.மு. 323-இல், முப்பத்து மூன்று வயது நிரம்புமுன் மாண்டான். படைத்தலைவர்கள் பேரரசைக் கூறுபோட்டனர்.

புளியங்குடிப் பள்ளியில் இவ்விருவரையும் நாம் ஒப்பிட்டுச் சொன்னபோது, எலுமிச்சை மூட்டை சுமப்பவரின் மகன் எழுந்தான். "நம்ம பக்கத்துல அப்படி யாரும் இல்லையா சார்?" என்றான்.

ஏன் இல்லை? நம் ஊருக்கு அண்மையில்தானே இருக்கிறது நெற்கட்டும்செவல்! 1755-இல் கர்னல் ஹெரானின் படை பூலித்தேவரின் கோட்டையை வெல்ல இயலாது திரும்பியது. மேற்குப் பாளையங்களை ஓரணியில் திரட்டிய பெருமை பூலித்தேவருடையது. ஆனால் கிழக்கும் மேற்கும் ஒன்றுபட்டு நிலைக்கவில்லை. நமக்கொரு சலாமிஸ் வாய்க்கவில்லை. 1761-இல் கும்பினிக்காகப் போரிட்ட யூசுப்கானிடம் நெற்கட்டும்செவல் வீழ்ந்தது.

அங்கே துடுப்பு வலித்தவர் யார்? ஒண்டிவீரன், வெண்ணிக் காலாடி என்று மக்கள் வழக்கு பெயர் சொல்லும். ஒடுக்கப்பட்ட குடிகளில் பிறந்த படைத்தலைவர்கள்! ஒண்டிவீரனுக்கு அஞ்சல் தலை வெளிவந்தது 2022-இல். இரண்டரை நூற்றாண்டு காத்திருந்தது அந்தப் பெயர்! களத்தில் தோளோடு தோள் நின்றோரை இன்று சாதிக்கொருவராகப் பிரித்துவைத்து, தனித்தனிக் கொடி, தனித்தனி விழா என்று கொண்டாடுகிறோம். அலெக்சாந்தரின் தளபதிகள் நாட்டைத்தான் கூறுபோட்டனர். நாமோ நினைவையே கூறுபோடுகிறோம்.

தோழர்களே! தலைவனை எடைபோட மூன்று கேள்விகள் போதும். கசப்பான உண்மையை மக்களிடம் சொன்னானா? ஒற்றுமைக்காகத் தன் இடத்தை விட்டுக்கொடுத்தானா? துடுப்பு வலித்தவனுக்கு அவையில் இருக்கை தந்தானா? இவற்றுக்கு விடை கேட்டபின் மாலையைக் கையிலெடுங்கள். சாதி கேட்டு மாலை சூட்டும் வழக்கம் நம் வகுப்பறையிலேனும் ஒழியட்டும்!